மூன்று நட்சத்திர அண்ணன்

இந்த நாட்டில் கீழே விழுந்த உருளைக்கிழங்கு உருளாது. நெதர்லாந்துக்கு வந்த புதிதில் கடைவாசலில் என் பை கிழிந்தது. கையை விரித்துக்கொண்டு ஓடத் தயாரானேன். கிழங்குகளோ விழுந்த இடத்திலேயே மரியாதையாக உட்கார்ந்திருந்தன. எங்கள் ஊரில், போடிக்கு மேலே ஏலக்காய்ச் சரிவில் ஒரு ஆரஞ்சு கைதவறினால் அதை மறந்துவிட வேண்டியதுதான். "விடுண்ணே, கீழ எவனாச்சும் தின்னுட்டுப் போறான்" என்பார்கள். இங்கே ரயில் பாலத்தின் மேட்டையே 'பெர்க்' என்கிறார்கள், அதாவது மலை. அதில் சைக்கிள் மிதித்து ஏறிவிட்டு நின்று மூச்சு வாங்குகிறார்கள். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு முக்கும்போது, "எல்லாரும் மூச்ச இழுத்துப் பிடிங்கய்யா, லோடு கொறையட்டும்" என்று சொல்கிற எங்கள் ஓட்டுநர் இவர்களைப் பார்த்தால் சிரித்தே ஸ்டியரிங்கை விட்டுவிடுவார்.

தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடம் ஒன்றில் எனக்கு வேலை. தண்ணீர், உரம், சூடு என்று எல்லாவற்றையும் கணினியில் குறித்து வைக்க வேண்டும். அதற்குப் பக்கத்து மேசை வில்லெம் ஒரு மென்பொருளைக் காட்டிக்கொடுத்தான். வெறும் எழுத்துதான், படமில்லை, பகட்டில்லை. தலைப்புக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. அதற்குள் அடங்கும் துணைத்தலைப்புக்கு இரண்டு. அதற்கும் உள்ளே போனால் மூன்று. யாரும் சொல்லித்தராமல் நானே தட்டித் தடவிக் கற்றதில் கொஞ்ச நாளில் என் திரை நட்சத்திரக் காடாகிவிட்டது. எட்டிப் பார்த்த வில்லெம், "இன்ஸ்பிரிங்கன்! இன்ஸ்பிரிங்கன்!" என்றான். எனக்குத் தெரிந்த அரைகுறை டச்சில் அதற்கு 'உள்ளே குதி' என்று அர்த்தம். ஜன்னலுக்கு வெளியே கால்வாய். கொஞ்சம் வெயிலடித்தால் போதும், இந்த ஊர்க்காரர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு அதில் குதிப்பதைப் பார்த்திருக்கிறேன். "எனக்கு நீச்சல் தெரியாது" என்றேன். அவன் என்னையும் கால்வாயையும் மாறி மாறிப் பார்த்தான். வரியை உள்ளே தள்ளிக் காட்டுவதற்கும், அதாவது இன்டென்ட்டுக்கும், இங்கே அதுதான் சொல்லாம். அவனே மென்பொருளின் அமைப்புகளில் ஒரு வரியைச் சேர்த்தான். கூடுதல் நட்சத்திரங்கள் மறைந்து, தலைப்புக்கு ஒன்று மட்டும் மிஞ்சியது. துணைத்தலைப்புகள் படிப்படியாக வலப்பக்கம் நகர்ந்து இறங்கின. "கோப்பில் எதுவும் மாறவில்லை, கண்ணுக்கு மட்டும்தான்" என்றான். அது என் காதில் ஏறவில்லை. தட்டை நாட்டில் ஒரு சரிவைப் பார்த்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அந்தச் சரிவில்தான் வழுக்கினேன். மலைக்குக் கீழே சிலமலை ஊரில் கட்டிக்கொடுத்த என் தங்கையின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன்கள் இரண்டு பேர்: மலையில் ஏலத்தோட்டம் பார்க்கும் அண்ணன், அப்புறம் நான். மூத்தவர் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. விடுப்பு கிடைத்த உற்சாகத்தில் ஏற்பாடுகளை அதே மென்பொருளில் எழுதினேன். மேலே 'நான்' என்று தலைப்பு. நான் மாப்பிள்ளையிடம், அதாவது தங்கை கணவரிடம், பேச வேண்டியது 'மாப்பிள்ளை' என்ற துணைத்தலைப்பாக அதற்குள்ளே. மாப்பிள்ளை அண்ணனிடம் கேட்க வேண்டிய ஜீப்பு, கிடா விவரமெல்லாம் 'அண்ணன்' என்று அதற்கும் உள்ளே. வீடியோ அழைப்பில் அண்ணனுக்கும் தங்கைக்கும் என் திரையைப் பெருமையாகக் காட்டினேன். டவர் கிடைக்கிற பாறைமேல் நின்றபடி அண்ணன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"என்னடா இது? நீ வாசல்ல நிக்கிற, மாப்ள நடுவுல நிக்கிறாரு, நான் மூலையில ஒண்டிக்கிட்டு நிக்கிறேன்?"

"அது இன்டென்ட்டுண்ணே. சும்மா பாக்குறதுக்குத்தான்."

"பாக்குறதுக்கே இப்பிடின்னா பந்தியில எங்கடா ஒக்கார வப்ப? மூத்தவன் நான் ஒனக்கும் கீழயா? நீயே மடியில வச்சுக் குத்திக்க அப்பு. எனக்கு இங்க காய் எடுக்குற சோலி கெடக்கு."

அழைப்பு அறுந்தது. இறங்க மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டால் கயிறு கட்டி இழுத்தாலும் இறங்க மாட்டார். தங்கையோ அவருக்கு மேலே. "மூத்த மாமன் மடியில்லாம எம்பிள்ள காதுல ஊசி படாது. மூளிக் காதோடவே காலேசுக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டாள். முகம் தொங்கிப்போயிருந்த என்னிடம் வில்லெம் விசாரித்தான்.

"அண்ணனை வலப்பக்கம் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொண்டார்" என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தி, "அரசியலா?" என்றான்.

மறுநாள் அவன் சேர்த்த வரியை நீக்கிவிட்டு, தங்கையையும் சேர்த்துக்கொண்டு அண்ணனை அழைத்தேன். "பாருங்கண்ணே, எல்லாரும் ஒரே வரிசையில செவத்த ஒட்டி நிக்கிறோம்." மறைந்திருந்த நட்சத்திரங்களெல்லாம் திரும்பி வந்திருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"இரு, இரு. ஒனக்கு எத்தன ஸ்டாருடா?"

"ஒண்ணுண்ணே."

"மாப்ளைக்கு?"

"ரெண்டு."

"எனக்கு மூணு." பாறைமேல் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். பின்னால் மலைக்காற்று இரைந்தது. "அப்ப மாப்ள எஸ்.ஐ. நான் இன்ஸ்பெக்டரு. இத மொதல்லயே காட்ட வேண்டியதுதானடா! ஸ்டாரையெல்லாம் ஒளிச்சு வச்சுக்கிட்டு, இன்டென்ட்டாம் இன்டென்ட்டு!"

நட்சத்திரம் கூடக்கூட ஆள் உள்ளே அடங்குகிறார் என்று விளக்க வாயைத் திறந்தேன். திரையில் தங்கை கண்ணை உருட்டினாள். வாயை மூடிக்கொண்டேன்.

காதுகுத்தன்று அண்ணன் ஜீப்பில் முன்சீட்டில் வந்து இறங்கினார். சம்மணமிட்டு, வேட்டியைச் சரிசெய்து, பிள்ளையை மடியில் வாங்கினார். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் விட்ட உதை நேரே அண்ணன் மீசையில் விழுந்தது. "ஏய் ஒத்த ஸ்டாரு! என்னடா வேடிக்க பாக்குற? வெரசா வந்து காலப் புடி! எஸ்.ஐ. மாப்ளே, அந்த மிட்டாயக் கொண்டாங்க!" ஓடிப்போய் உட்கார்ந்தேன். பிள்ளையின் தலை அவர் மடியில், கால் என் மடியில்.

திரும்பி வந்ததும் வில்லெம் என் திரையைப் பார்த்தான். "நட்சத்திரங்கள் திரும்பிவிட்டனவே, யார் மாற்றியது?"

"என் அண்ணன் சொன்னார்."

"அவர் கணினி நிபுணரா?"

"இன்ஸ்பெக்டர்" என்றேன்.

இந்த ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் வரி அதிகாரிதான் ஞாபகத்துக்கு வருவார் போலிருக்கிறது. வில்லெம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டான்.

இப்போது இரண்டுக்கும் சேர்த்து ஒரு விசையை ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒரு முறை அமுக்கினால் சரிவு, மறுமுறை அமுக்கினால் சமவெளி. தட்டை நாட்டில் உட்கார்ந்து நான் சரிவைப் பார்க்கிறேன்; சரிவில் நிற்கிற அண்ணன் அழைத்தால் சமவெளியைக் காட்டுகிறேன். சில மத்தியானங்களில், யாரும் அழைக்காதபோதும், தக்காளிக்குத் தண்ணீர் திறந்துவிட்டுக் காத்திருக்கையில் விரல் தானாக அந்த விசைக்குப் போகிறது. மேடு, தரை, மறுபடி மேடு. கோப்பில் என்னவோ எதுவும் மாறுவதில்லை.