டீச்சரின் ரிவால்வரும் முதலாளி வைத்த பொட்டும்

துப்பாக்கிக் கடையில் வேலை பார்க்க வீரம் வேண்டும் என்று நினைப்பீர்கள். வேண்டியது பழைய பனியன் துணியும் பொறுமையும்தான். கடைகளில் நின்று பிழைக்கிற உங்களுக்குப் பொறுமையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சம்பந்தியம்மா கேட்டது

நான் எட்டாவது வரை படித்தவள். காலையில் ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு, பஸ் பிடித்து டவுனுக்கு வந்து, லைசென்ஸ்காரர்கள் கொண்டுவரும் துப்பாக்கிகளைத் துடைத்து வைப்பேன். கழற்றிப் பழுது பார்ப்பது மாணிக்கம் அண்ணன். திருவெறும்பூரில் துப்பாக்கி ஃபேக்டரி ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

என் மகளுக்கு வரன் பேசி முடிக்கும் சமயம், "நீங்க எங்க வேலை பாக்குறீங்க?" என்று சம்பந்தியம்மா கேட்டார்கள். சொன்னேன். உடனே தன் வீட்டுக்காரர் பக்கம் குனிந்து சொன்னார்கள்: "சீர்வரிசை பத்தி நாம எதுவும் கேக்க வேண்டாங்க."

மந்திரித்த எண்ணெய்

காட்டூர் ஸ்டெல்லா டீச்சர் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமான பின் வீட்டில் தனியாக இருக்கிறார். பக்கத்துத் தெருவில் திருடன் புகுந்ததிலிருந்து, பெங்களூர் மகன் "வீட்டை வித்துட்டு எங்கூட வந்துடுங்க" என்று பிடித்துக்கொண்டான். அந்த வீட்டை விட டீச்சருக்கு மனசில்லை. அலைந்து திரிந்து லைசென்ஸ் வாங்கி, எங்கள் கடையில் சின்னத் தோட்டா போடும் புது பாயிண்ட் டூ டூ ரிவால்வர் ஒன்று எடுத்தார். சுட்டுப் பழக ரைபிள் கிளப்பிலும் சேர்ந்தார்.

சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். சுட்டு முடித்த தோட்டாக் கூடுகள் சிலிண்டரை விட்டு வெளியே வர மறுக்கின்றன. குண்டும் குறி அட்டையில் படுவதில்லை. "ஆயுத பூஜை முடிஞ்சதும் மகன் வர்றான். நான் சுடறதைப் பாக்கணுமாம். குறி தப்பினா அவன்கூடக் கிளம்பிடணும்னு சொல்லிட்டான், ரெங்கம்மா" என்றார்.

அண்ணன் சிலிண்டரைத் திறந்து பார்த்தார். இந்தச் சின்னத் தோட்டாவுக்கே கரி கொஞ்சம் அதிகம், அடிக்கடி துலக்க வேண்டும். ஆனால் உள்ளே இருந்தது வெறும் கரி இல்லை. கண்மை மாதிரி குழைந்து கிடந்தது. மோந்து பார்த்தேன், தேங்காய் எண்ணெய். "வேளாங்கண்ணியில மந்திரிச்ச எண்ணெய் அது. என் முட்டி வலியே அதுலதான் போச்சு" என்றார் டீச்சர். அண்ணன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "முட்டிக்குள்ள வெடிமருந்து இல்லீங்களே, டீச்சர்."

கண்ணை மூடி ஒரு ஜெபம்

எல்லாவற்றையும் துலக்கிவிட்டு மூவரும் கிளப்புக்குப் போனோம். அண்ணன் மணல் மூட்டை மேல் கையை ஊன்றிக்கொண்டு, தோட்டாக் கம்பெனிகளை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தார். ஒரு கம்பெனித் தோட்டா மட்டும் இந்த ரிவால்வருக்கு ஒத்துப்போனது. ஓட்டையெல்லாம் ஓர் இட்லி அகலத்துக்குள் அடங்கிவிட்டது. ஆகவே துப்பாக்கி மேல் குற்றமில்லை.

டீச்சர் சுட்டார். பின்னால் இருந்த மண்மேட்டில் புழுதி கிளம்பியது. நான் பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்தேன். உதடு முணுமுணுக்கிறது, கண் மூடுகிறது, அப்புறம்தான் விரல் அசைகிறது. கற்பூரம் காட்டும்போது எனக்கும் அப்படித்தான் கண் தானாக மூடிக்கொள்ளும். "டீச்சர், ஜெபத்தை முடிச்சிட்டு அப்புறமா சுடுங்களேன்" என்றேன். அவர் என்னை முறைத்தார். "கண்ணைத் திறந்து ஜெபம் பண்ணின பசங்களை நானே முட்டிபோட வெச்சிருக்கேன், ரெங்கம்மா."

நெற்றியும் பொட்டும்

கடைசியாக ஒருமுறை துலக்குவதற்காக ரிவால்வர் கடையில் இருந்தபோது ஆயுத பூஜை வந்தது. முதலாளி பக்திமான். எல்லாத் துப்பாக்கிக்கும் தன் கையாலேயே சந்தனம், குங்குமம் வைத்தார். மறுநாள் தானே துடைத்து டீச்சரிடம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் கிளப்பில் டீச்சர் கண்ணைத் திறந்துகொண்டே சுட்டார். குண்டெல்லாம் ஒன்றாகத்தான் போயின, ஆனால் அட்டைக்கு மேலே! விடிந்தால் மகன் வந்து நிற்பான். அண்ணன் திருகுகளை முடுக்கினார், பேரலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், பிறகு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர்தான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது என்ன, மஞ்சளா ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு?" என்றார். குறி பார்க்கப் பின்பக்கம் ஒரு சின்னப் பள்ளம், முன்பக்கம் ஒரு முள் இருக்கும். அந்தப் பள்ளம் முழுக்கச் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. முள் கண்ணில் பட வேண்டுமென்றால் துப்பாக்கி மூக்கைத் தூக்கத்தான் வேண்டும். தூக்கினால் குண்டு மேலேதான் போகும். தீக்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு முதலாளிக்கு போன் போட்டேன். அவருக்கு மனத்தாங்கல். "நெத்தியில வெக்காம வேற எங்கம்மா பொட்டு வெக்கிறது?"

பெங்களூர்க்காரர்

மகன் வந்து கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றான். "வீட்டை வாங்க ஆள் பாத்தாச்சும்மா. நீங்க சரின்னா போதும்" என்றான். டீச்சர் தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் சிலிண்டரில் போட்டார். நான் ரங்கநாதா, ரங்கநாதா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சுட்டார். அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள் ஓட்டை. மறுபடி, மறுபடி. நடுவில் ஒரு தோட்டா வெடிக்கவில்லை, டிக்கென்ற சத்தம் மட்டும். "என்னம்மா ஆச்சு?" என்று மகன் முன்னால் வந்தான். டீச்சர் திரும்பவே இல்லை. துப்பாக்கி அட்டையை விட்டு அசையவில்லை. பள்ளிக்கூட அசெம்பிளிக் குரலில், "பின்னாடி போய் நில்லுடா!" என்றார். அவன் ஓடிப்போய் மாணிக்கம் அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்றான். வெடிக்காத தோட்டா தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்பதால் டீச்சர் நிதானமாகக் காத்திருந்து, அண்ணன் தலையசைத்த பிறகு மிச்சத்தையும் சுட்டார். எல்லாம் வட்டத்துக்குள்.

மகன் அட்டையைக் கையில் வாங்கி ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினான். அப்புறம் சொன்னான்: "வீடு இருக்கட்டும்மா. இனிமே நான் வர்றப்ப காலிங்பெல் அடிச்சு, பேரைச் சொல்லிட்டுத்தான் உள்ள வருவேன்."

இந்த வேலையில் நான் கண்டது இதுதான்: வெடிமருந்தால் படிந்த கரி பிரஷ்ஷுக்குப் போய்விடும், பக்தியால் படிந்ததைச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சுரண்ட வேண்டும்.