கயிறு கட்டாமல் காஞ்சிபுரம்

பழைய வேனில் குடும்பத்தோடு நெடுந்தூரம் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போங்கள். வேண்டாம் என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். அவர்களையும் ஏற்றிக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் போனேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மண்ணூர்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கைக்கு வந்த பணத்தில் ஒரு பழைய பெட்ரோல் வேன் வாங்கினேன். முகப்பேரில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகத் திட்டம். திங்கட்கிழமை முதல் வரச் சொல்லியும் விட்டார்கள். என் அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. ஓட்டை வண்டி, அதையும் பொம்பளை ஓட்டுவதா என்று, பூந்தமல்லியில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரரிடம் விலையே பேசி வைத்திருந்தார். அப்போதுதான் அண்ணி வீட்டு வளைகாப்புக்குக் காஞ்சிபுரம் போகவேண்டி வந்தது. "இதே வண்டில போலாம்ணா. கயிறு கட்டி இழுக்கற மாதிரி ஆச்சுன்னா வித்துடறேன்" என்றேன். வாய்க்கொழுப்புதான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு, டேங்க் நிறைய பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். மொத்தம் அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். வானகரம் தாண்டியதும் இன்ஜின் இருமியது, நின்றது. அரைமணி நேரம் சும்மா கிடந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. பூந்தமல்லி தாண்டி மறுபடி அதே கதை.

வேடிக்கை பார்க்க நின்றவர்களில் ஒருவர், "பெட்ரோல் பம்ப் பூட்ச்சும்மா, மாத்திடு" என்றார். இன்னொருவர் பிளக்குக்குப் பொறி தரும் காயிலைக் குறை சொன்னார். அண்ணன், "இன்னாத்துக்கும்மா இந்த வீம்பு? இரும்புக் கட கிட்டதான் கீது. எதுனா லாரி வந்தா கயிறு கட்டி இஸ்துகினு பூடலாம்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீ லாரிய நிறுத்துண்ணா. அது வர்ற வரைக்கும் வண்டி எங்கிட்ட இருக்கட்டும்" என்றேன்.

பிளக்கைக் கழற்றி இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து, அண்ணியைச் சாவி திருப்பச் சொன்னேன். பொறி நீலமாக, பளிச்சென்று வந்தது. அப்படியானால் காயிலில் பழுதில்லை. அடுத்து கார்புரேட்டருக்கு வரும் ரப்பர் குழாயை உருவினேன், மறுபடி சாவி திருப்பியும் பெட்ரோல் சொட்டவில்லை. பம்ப் போயிருந்தால் அரைமணி ஓய்வில் அது எப்படிச் சரியாகும்? டேங்கையே பார்த்துவிடலாம் என்று மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

மூடியில் காற்று போக ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று இருக்கும். அதன்மேல் முந்தின நாள் பூஜையில் அண்ணன் அப்பிய சந்தனம் இறுகிக் கிடந்தது. விற்கப்போகிற வண்டி என்றாலும் பக்தியில் அவர் குறை வைக்கவில்லை. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக ஊற்றாது, எதிர்ப்பக்கமும் ஒன்று போடவேண்டும். இதுவும் அதே சங்கதிதான்: காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் வெளியே வரவில்லை, அரைமணியில் கொஞ்சம் காற்று கசிந்து போனதும் வந்தது. புடவை ஊக்கை எடுத்துக் குத்திச் சுத்தம் செய்தேன். கழற்றியதையெல்லாம் மாட்டிச் சாவியைத் திருப்ப, நாலாவது தடவையில் பிடித்துக்கொண்டது.

அதற்குள் அண்ணன் ஒரு லாரியை மடக்கி, கயிறும் கையுமாக வந்துவிட்டார். லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "வண்டிதான் ஓடுதே நைனா, இன்னாத்த கட்றது?" என்றார். அண்ணன் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். காஞ்சிபுரம் வரை வண்டி வேறெங்கும் நிற்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பழைய வண்டியோடு கிளம்புகிறவர்களுக்கு: கொஞ்ச தூரம் ஓடி நின்று, ஆறப்போட்டதும் கிளம்பினால், எதையும் மாற்றுவதற்கு முன் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். சந்தனத்தைக் கண்ணாடிக்கு வையுங்கள். வழியில் யோசனை சொல்கிறவர்களுக்குக் காது கொடுங்கள், ஸ்பேனரைக் கொடுக்காதீர்கள்.

சாயங்காலம் திரும்பும்போது பூந்தமல்லி வந்தது. "அந்த ஆளு காத்துகினு இருப்பான். ஒரு நிமிஷம் நிறுத்தும்மா, வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்றார் அண்ணன்.

"நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ ஆகாதோ. ஓட்டை வண்டிண்ணா" என்றேன். இரும்புக் கடை வாசலில் ஹாரனை நீளமாக ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.