பிள்ளை பார்க்க வந்தவரை என்னவென்று கூப்பிடுவது

அல்ஹம்துலில்லாஹ், எங்கள் மகளுக்கு அப்போது எட்டு மாதம். என் மனைவி பாடசாலை ஆசிரியை. பிரசவ விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்ப வேண்டும். பிள்ளை பார்க்க ஆள் கிடைக்காவிட்டால் அவர் வேலையை விட வேண்டியதுதான். அப்படி நடந்தால் வீட்டில் நான் படப்போகும் பாட்டை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

சனிக்கிழமை காலை மருதமுனையிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். குவைத்தில் ஒன்பது வருடம் பிள்ளை வளர்த்தவர். மகளைத் தூக்கி மடியில் வைத்த உடனே, அது அவருடைய அபாயாவின் கையைச் சூப்பத் தொடங்கிவிட்டது. நேரம், சம்பளம் எல்லாம் சரி. ஒன்று மட்டும் கேட்டார்.

"முதலாளி, ஆக்களுக்கு முன்னால என்னைய என்னெண்டு கூப்புடுவீங்க?"

மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்களிடம் இல்லை.

"அங்க ஒம்பது வருஷமும் கத்தாமாதான். வேலைக்காரி எண்டதுதான் அதுக்கு அர்த்தம். எனக்கொரு பேர் இரிக்கெண்டே அந்த ஊட்டுல தெரியா. இஞ்சயும் அப்பிடியெண்டா நான் வரல்ல. யோசிங்க, நாளைக்கி வந்து கேக்கன்."

நான் சைக்கிள் திருத்தும் கடைக்காரன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. சொல் தேடுவது எனக்குப் புது வேலை.

"ஆயா எண்டா என்ன?" என்றேன்.

"நேர்சரியில மூக்குத் தொடைக்கிறவவும் ஆயா, ஆஸ்பத்திரியில வாட்டுக் கூட்டுறவவும் ஆயா. எழும்பிப் போயிருவா" என்றார் மனைவி.

கொழும்பில் 'நெனி' என்கிறார்களாம். சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அது ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுவது போல வந்தது.

அஸர் தொழுதுவிட்டு வரும்போது பள்ளிவாசலில் முன்பு கேட்ட ஒரு பயான் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்களையே ஒரு செவிலித்தாய்தானே வளர்த்தார்கள்! ஓட்டமாக வந்து சொன்னேன்.

"நல்ல பேர்தான். 'செவிலித்தாயே' எண்டு கூப்புட்டு முடியக்குள்ள புள்ளட பால் ஆறிரும்" என்றார் மனைவி.

பாலூட்டாதவருக்கு அந்தப் பேர் பொருந்துமா என்ற பயம் எனக்கும் இருந்தது. விட்டுவிட்டேன்.

"அப்ப ஒறவு முறையில கூப்புடுவம். சாச்சி எண்டு புள்ள பழகட்டும்."

கறிச்சட்டியில் மனைவியின் அகப்பை நின்றது. "சாச்சி எண்டா எனக்குத் தங்கச்சி. அப்ப ஒங்களுக்கு மச்சி. மச்சியோட பகடி பண்ணிக்கிட்டு இரிக்கிற யோசினையோ?"

"அஸ்தஃபிருல்லாஹ்! அவ ஒனக்குத் தங்கச்சியா? ஒன்ன விடப் பதினஞ்சி வயசு மூப்பு!"

"அப்ப எனக்கு ராத்தா, ஒங்களுக்கு மதினி. அதுவும் பகடி பண்ணுற முறைதான்."

மனைவியின் பக்கம் எல்லா வாசலும் பூட்டு. என் பக்கம் ஒன்றுதான் மிச்சம்: மாமி. பிள்ளைக்கு மாமி என்றால் எனக்கு ராத்தா, கூடப் பிறந்த அக்கா முறை. யாரும் வாய் திறக்க முடியாது.

மனைவி சிரித்தார். "அவட மகன் பத்தாம் வகுப்பு. மாமி முறை கொண்டாடி, நம்மட மகள் பெரிய புள்ளையானதும் கலியாணம் பேசிக்கிட்டு வந்தா?"

"வரட்டும். அதுக்கு முதல்ல திங்கக்கிழம வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். சொன்னோம். முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாமியோ?" என்றார். பிறகு, "ஓம், வாறன்."

திங்கட்கிழமை மனைவி நேரத்துக்கே பாடசாலை போய்விட்டார். நான் தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, கடைச் சாவியை எடுத்தேன்.

"தம்பி!"

யாரைக் கூப்பிடுகிறார் என்று சுற்றிப் பார்த்தேன். நேற்று வரைக்கும் நான் முதலாளி.

"கோப்பையக் கழுவி வெச்சிட்டுப் போங்க. ராத்தா ஒராள் எத்தினையத்தான் பாக்கிற?"

அவருடைய இடுப்பில் இருந்தபடி மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கோப்பையைக் கழுவினேன்.