மச்சாளின் தட்டு

என் கணவரின் தங்கை, என் மச்சாள், வெள்ளவத்தையில் நாங்களும் பிள்ளைகளும் இருந்த தொடர்மாடி பிளட்டுக்குத் தங்க வந்தபோது அவளுக்கு முப்பத்துநாலு வயது. ஆஸ்பத்திரியொன்றில் நேர்ஸ். நான் அவளைவிட ஒன்பது வயது மூத்தவள். கந்தோரில் கம்பியூட்டருக்கு முன்னால் வேலை. இரவில் அவள் பதினைந்து இடியப்பம் சாப்பிடுவாள். நான் ஐந்தோடு எழும்பிவிடுவேன். அப்படியிருந்தும் அவள் ஐம்பது கிலோவைத் தாண்டவில்லை. நான் எழுபதைத் தொட்டிருந்தேன்.

என் கல்யாணத்துக்குத் தைத்த பிளவுஸை ஒருநாள் அவளிடம் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு அது பெரிதாக இருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு நான் ஒரு வேலை செய்தேன். அவளுக்கு மட்டும் தேங்காயின் கெட்டியான முதற்பாலில் சொதி வைத்தேன். புட்டுக்குள் பட்டரை மறைத்து வைத்தேன். வேண்டாம் என்றாலும் இன்னொரு அகப்பை போட்டேன். தங்கச்சியில் எனக்கு எவ்வளவு பாசம் என்று கணவர் சந்தோஷப்பட்டார்.

மூன்று மாதம் கழித்து என் இரத்தத்தில் சீனி கூடியிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் டொக்டரிடம் மச்சாளே கூட்டிப்போனாள். மூன்று நாள் தின்றதையெல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, சமைக்கும்போது ருசி பார்ப்பீர்களா, பிள்ளைகள் மிச்சம் விடுவதை யார் சாப்பிடுவது என்று கேட்டார். கந்தோரில் குடிக்கும் ஆறு பிளேன்டீயையும், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனியையும் அப்போதுதான் சொன்னேன்.

உயரம், வயது, நாங்கள் சொன்ன நிறை எல்லாம் வைத்து இருவருக்கும் கணக்குப் போட்டார். சும்மா படுத்திருந்தால் இரண்டு உடம்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவு கலோரிதான் வேண்டுமாம். மிச்ச வித்தியாசம், அவள் நாள் முழுக்க வார்ட்டில் நடப்பதும் நான் கதிரையில் இருப்பதும்தான். அவளுடைய உடம்பு பிறவியிலேயே அப்படி என்று வாதாடிப் பார்த்தேன். டொக்டர் சிரித்துவிட்டு, அவளையும் தராசில் ஏறச் சொன்னார்.

இரண்டரைக் கிலோ கூடியிருந்தாள். அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

"எத்தினை வருஷமா நிறை கூட்டப் பாத்தனான் அண்ணி. உங்கட சாப்பாட்டாலதான். வார்ட்டில தலைசுத்து வாறதும் நிண்டிட்டுது."

காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் உன்னைக் கொழுக்க வைக்கத்தான் அப்பிடிப் போட்டனான்" என்றேன்.

"ஓம், அதைத்தானே சொல்லுறன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

சீனியை விட்டேன். பின்னேரங்களில் பம்பலப்பிட்டியிலேயே இறங்கி வீட்டுக்கு நடந்தேன். ஐந்து மாதத்தில் நாலு கிலோ குறைந்தது. அதற்குள் அவள் ஐம்பத்தைந்தாகியிருந்தாள். கன்னம் வைத்து, முகம் மலர்ந்திருந்தது. கோயிலில் சந்திப்பவர்கள் முதலில் அவளைப் பார்த்துத்தான் வடிவாகிவிட்டாய் என்கிறார்கள். என்னிடம், மெலிந்துபோனாய், உடம்புக்கு ஏதும் வருத்தமா என்று கேட்கிறார்கள்.