நான் அத்தையைப் பழிவாங்கிய பரீட்சை

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். அதில் என் கோபம் இருக்கிறதே, அது ஒருத்தியின் பிழைப்பையே கெடுத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ‘சின்னப் பிள்ளைதானே’ என்று யாரும் எனக்குப் பரிந்துகொண்டு வரவேண்டாம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வயதில் வஞ்சம் வைக்க நன்றாகவே தெரியும்.

ராயபுரத்தில் அப்பாவுக்குக் கருப்பட்டி மண்டி. தம்பியை வாத்தியார் வெயிலில் முட்டிபோட வைத்தார் என்று கேள்விப்பட்டதும், கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். என் பிள்ளைகள் இனி இந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காது என்று சபதம் வேறு. சபதம் போட்டவர் மறுபடி மண்டிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். எங்களுக்கு வீட்டில் பாடம் சொல்லும் வேலை அத்தை தலையில் விழுந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. எட்டாவது வரை படித்தவள். அவளைக் கட்டியவன் கடை வைக்கிறேன் என்று கொழும்புக்குப் போய், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். படுபாவி! அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளை எங்கே வைப்பது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். உடன்குடியிலிருந்த கொழுந்தன் வீட்டார் அனுப்பு அனுப்பு என்று கடிதம் போட்டபடி இருந்தார்கள். பாசம் ஒன்றும் இல்லை. அங்கே நான்கு மாடு, ஆறு பிள்ளைகள். சம்பளம் கேட்காமல் உழைக்க ஒரு ஆள் வேண்டும்.

அத்தை யாரிடமும் சொல்லாமல் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெரிய டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தாள். நீ பாடம் சொன்ன பிள்ளைகளைக் கூட்டி வா, சொல்வதைப் பிழையில்லாமல் எழுதினால் அவர்களைச் சேர்த்துக்கொள்கிறேன், உனக்கும் சின்ன வகுப்பில் வேலை தருகிறேன் என்றாராம் அவர். வேறு பள்ளிக்கூடம் என்பதால் சபதத்துக்குப் பழுதில்லை என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார்.

“வேல கெடச்சா இங்கன இரு. இல்லன்னா உடன்குடிக்கு ரயில் ஏறு” என்று அத்தையிடம் அவர் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். உடன்குடி என்றால் எனக்குக் கருப்பட்டி வரும் ஊர், அவ்வளவுதான்.

அன்று பிடித்தது சனி. விடிந்தால் எழுது, சாப்பிட்டால் எழுது, துறைமுகச் சங்கு ஊதினால் எழுது. மண்டியில் மிஞ்சிய பழுப்புக் காகிதத்தில் ஒரு சொல்லையே இருபது தரம் எழுத வேண்டும். நானும் தம்பியும் ராயபுரத்துத் தெருப் பேச்சிலேயே வளர்ந்தவர்கள். “இன்னாத்துக்கு இம்மாம் எழுதணும்?” என்று கேட்டுவிட்டேன்.

“ஏட்டி, அந்தப் பேச்ச தெருவோட வச்சுக்க. தாளுல வந்துச்சு, தோல உரிச்சிருவேன்” என்றாள். சொல்லிக்கொண்டே நங்கென்று ஒரு குட்டு.

குட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது கரைவலை இழுத்த நாளில் நடந்தது. பெரிய வலை கரைக்கு வரும்போது யார் கயிற்றில் கை வைத்தாலும் ஒரு கை மீன் உண்டு. அது காசிமேட்டு வழக்கம். வருஷம் பூராவும் நான் காத்திருந்த நாள் அது. மீன்காரம்மாவின் மகள், என் கூட்டாளி, ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினாள்: “இன்னாமே, வர்லியா? மீனு குவிஞ்சி கீது!”

மூன்று சொல் தப்பு என்று அத்தை கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். அழுதேன், கதவை உதைத்தேன், தரையில் புரண்டேன். அவள் மசியவில்லை. சாயங்காலம் கூட்டாளி வந்து, என் பங்கையும் சேர்த்து அவளே சுட்டுத் தின்றுவிட்டதாகச் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. இருடி, உனக்கு வைக்கிறேன் வேட்டு என்று அத்தையைப் பார்த்துக் கறுவிக்கொண்டேன்.

பரீட்சை நாளன்று, நாங்கள் எழுதிய காகிதங்களையெல்லாம் ஒரு துணிப்பையில் அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள் அத்தை. பெரிய டீச்சர் நிறுத்தி நிறுத்திப் பத்து வரி சொன்னார். பத்தும் எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன். வேண்டுமென்றே அத்தனையையும் தெருப் பேச்சில் எழுதினேன். வீடு வூடாயிற்று. வருகிறான், வந்துகினுகீறான். எழுத எழுத எனக்கு அப்படி ஒரு குஷி!

தம்பிக்கு ஏழு வயது. பாவம், அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒழுங்காக எழுதினான், இரண்டே தப்பு. டீச்சர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் தாளை மற்ற டீச்சர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

“இதான் நீ சொல்லிக் குடுத்த தமிழா?” என்றார் அத்தையிடம்.

அத்தை தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. பை மடியில்தான் இருந்தது. நான் சரியாக எழுதிய ஒரு காகிதத்தை உருவிக் காட்டியிருந்தால் என் குட்டு வெளிப்பட்டிருக்கும். அந்தத் திமிருக்கு என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். வீட்டில் அப்பா பெல்ட்டைக் கழற்றியிருப்பார்.

“பிள்ள மேல தப்பில்லம்மா. எனக்குத்தான் சரியாச் சொல்லிக் குடுக்கத் தெரியல” என்றாள் அத்தை.

பிள்ளைகளை நாங்கள் திருத்திக்கொள்கிறோம் என்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வாரமே அத்தை உடன்குடிக்கு ரயில் ஏறினாள். நாற்பது வருஷம் அங்கே சாணி அள்ளினாள். ஒருத்தரிடமும் என்னைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்பா சாகும்வரை தங்கைக்குச் சாமர்த்தியம் போதாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

ஆனால் அன்றைக்கு, பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய கையோடு கூட்டாளியைத் தேடிக் கடற்கரைக்கு ஓடினேன். “எங்க அத்த சரியான பயந்தாங்கொள்ளிமே! பையி நெறைய காயிதம் வச்சிக்கினு, டீச்சராண்ட ஒண்ணு எடுத்துக் காட்டக்கூட தைரியம் இல்ல அவுங்களுக்கு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.