நம்பச் சொல்லாத மல்லிகா

மல்லிகா இறந்துவிட்டார் என்ற செய்தி தொலைபேசியில் வந்தபோது, பாத்திக்குத் தண்ணீர் திறக்கலாமா கூடாதா என்று எங்கள் உப்பளத்து மேஸ்திரியோடு வாதம் செய்துகொண்டிருந்தேன்.

"எந்த மல்லிகா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த மல்லிகா ஒருவர்தான். அது தெரிந்தும் கேட்டேன்.

"எட மெஷின் மல்லிகாம்மா. எங்க அக்கா. காலைல பாண்டி ஆஸ்பத்திரில..." பேசியவர் அவருடைய தம்பி குமார். "கிட்னிம்மா. மூணு வருஷமா டயாலிசிஸ் பண்ணிக்கினு இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. என்னிடம் எதையும் மறைக்க முடியாது என்று எழுபத்தாறு வயது வரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான். செவ்வாயும் வெள்ளியும் மல்லிகாவின் கடை பூட்டியிருக்கும். அவர் பாண்டி பஸ்ஸில் ஏறுவார். அதைக் கவனித்தும் இருக்கிறேன். "வாரத்துல ரெண்டு நாள் பாண்டில உனக்கு என்ன வேல?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு மெஷின் வேல இருக்குதும்மா" என்றார். வேறு யாருக்கோ வேலை செய்கிறார், நம் வீட்டு விஷயத்தை அங்கே கொண்டுபோகிறார் என்று முடிவுகட்டினேன். அவரைப் பற்றி நான் கட்டிய முடிவுகளில் அது ஒன்று. மற்றவையும் அதே தரம்தான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மல்லிகா எக்கியார்குப்பத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். மரக்காணம் பஸ் நிலையத்துக்கு அருகே, ஒரு மேசையும் இரண்டு ஸ்டூலும் மட்டுமே கொள்ளும் அறையில் மின்தராசுகளையும் படகுகளின் ஜி.பி.எஸ். கருவிகளையும் பழுதுபார்த்து வந்தார். நாற்பத்தேழு வயது. மணம் செய்துகொள்ளவில்லை. உயிரோடு இருந்தவரை அவரை நான் 'நீ' என்றே அழைத்தேன். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் கணவர் மறைந்த ஆண்டு, எங்கள் உப்பளத்துத் தராசைச் சரிசெய்ய அவரை முதன்முதலாக வரவழைத்தேன். பார்த்தவுடனே சந்தேகம். கருவியைத் திறப்பவர்கள் எதையாவது உள்ளே மாற்றிவிட்டு, ஆறு மாதத்தில் மறுபடி தங்களைக் கூப்பிட வைப்பார்கள் என்பது என் எண்ணம். அதனால் வீட்டிலிருந்த எடைக்கற்களை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் வேலையை முடித்ததும் ஒவ்வொரு கல்லாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

மல்லிகா கிளம்பவில்லை.

"அம்மா, உங்க கல்லே தப்பா இருந்தா?"

"என்னது?"

"கல்லு தேஞ்சு போயிருந்தா மெஷினும் சேந்து தப்பு காட்டும். மளிக கடையில ரெண்டு கல்லு வாங்கியாரச் சொல்லுங்க. அதையும் வெச்சுப் பாத்துட்டுப் போறேன்."

நான் அதுவரை என்னைவிடச் சந்தேகப்படும் ஒருவரைச் சந்தித்ததில்லை. பிடித்துப்போனது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில்தான் பெங்களூரிலிருந்து என் மகன் பிரபு வந்து, ஒரு ஸ்மார்ட் வாட்சை என் மணிக்கட்டில் கட்டிவிட்டுப் போனான். பாசத்தோடுதான் கட்டினான். அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. "ஏம்மா, இன்னைக்கு வாக்கிங் போகல?" என்று அங்கிருந்தபடி கேட்டான். "மத்தியானம் ரெண்டு மணிக்கு வெயில்ல உப்பளத்துல என்ன பண்ண?" என்றான். என் நாடித்துடிப்பும் நடையும் தூக்கமும் அந்தக் கம்பெனியின் கணினிக்குப் போய், அங்கிருந்து அவன் போனுக்குப் போயின. நடுவில் யார் யார் பார்த்தார்கள் என்று கேட்டேன். "யாரும் பாக்க மாட்டாங்கம்மா" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டால், "தெரியும்மா" என்றான். கான்வென்டில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், வழிமுறை எழுதாத விடைக்கு மதிப்பெண்ணே போடமாட்டார். நானும் போடவில்லை.

பெங்களூர் அடுக்குமாடியில் எனக்கென ஓர் அறையைத் தயார்செய்து வைத்திருந்தான். வாட்ச் ஒரே ஒரு முறை 'விழுந்துவிட்டார்' என்று சொன்னால் போதும், என்னை அழைத்துப்போய்விடுவதாக முடிவு செய்திருந்தான். இந்த வீட்டில் இருப்பதா, அந்த அறையில் இருப்பதா என்று என்னைக் கேட்காமல் என் மணிக்கட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கழற்றி எறிந்திருக்கலாம். ஆனால் என் இதயம் அவ்வப்போது படபடப்பது உண்மை. அந்த எண் எனக்கு வேண்டும். பிறருக்குப் போகக் கூடாது. இதை மல்லிகாவிடம் சொன்னேன்.

அவர் வாட்சைத் திருப்பிப் பின்பக்கத்து எழுத்துகளைப் படித்தார்.

"இதுக்குள்ள ஓடற புரோக்ராமுக்குப் பேரு ஃபர்ம்வேர். கம்பெனிக்காரங்க எழுதினது. உள்ள என்ன இருக்குதுன்னு நமக்குக் காட்ட மாட்டாங்க. இதே வாட்சுக்கு இன்னொரு ஃபர்ம்வேர் இருக்குதும்மா. எழுதினவங்க ஒவ்வொரு வரியையும் நெட்ல போட்டு வெச்சிருக்காங்க. யாரு வேணா படிக்கலாம், யாரு வேணா செஞ்சுக்கலாம். ஓப்பன் சோர்ஸ்னு சொல்லுவாங்க."

"சும்மா குடுக்கறாங்களா? எதுக்கு?"

"அவங்களுக்கும் உங்கள மாதிரி கோவம் வந்திருக்கும்."

"சரி. நெட்ல இருக்கறதத்தான் நீ இதுல ஏத்தறன்னு நான் எப்படி நம்பறது?"

"நம்பாதீங்கம்மா" என்றார் மல்லிகா. "நீங்களே செய்யுங்க."

எங்கள் உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்போம். 'டிகிரி பார்ப்பது' என்போம். டிகிரி போதாமல் பாத்திக்குத் திறந்துவிட்டால் அறுவடை கெடும். அதனால் மேஸ்திரி தனியாகப் பார்த்துச் சீட்டில் எழுதுவார். நான் தனியாகப் பார்த்து எழுதுவேன். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்து, எண் ஒன்றாக இருந்தால்தான் மடை திறக்கும். இதைச் சொன்னதும் மல்லிகாவின் முகம் மலர்ந்தது.

"அதேதாம்மா. நான் கடையில ஒண்ணு செய்றேன். நீங்க வீட்ல ஒண்ணு செய்யுங்க. ரெண்டையும் ஒப்பிடுவோம்."

என் கணவரின் பழைய மடிக்கணினியை எடுத்தேன். என்னென்ன தட்ட வேண்டும் என்று மல்லிகா ஒரு தாளில் எழுதித் தந்தார், தட்டியது நான்தான். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கணினி சிவப்பில் திட்டியது. எழுதியவர்களின் வரிகளையெல்லாம் இறக்கி, அவற்றை வாட்சுக்குப் புரியும் ஒரே கோப்பாக அது மாற்றி முடிக்கச் சாப்பாட்டு நேரம் கடந்துவிட்டது. அந்தக் கோப்புக்கு ஒரு முத்திரை எண் உண்டு. அறுபத்துநான்கு எழுத்தும் இலக்கமும் கலந்தது. கோப்பில் ஓர் இம்மி மாறினாலும் எண் முழுவதும் மாறிவிடுமாம்.

கடைக்குப் போய் என் சீட்டைப் படித்தேன். மூன்றாவது எழுத்திலேயே பொருந்தவில்லை.

"பாத்தியா!" என்றேன். எனக்கு அன்று இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. அவரைப் பிடித்துவிட்டேன் அல்லவா?

மல்லிகா சாக்குச் சொல்லவில்லை. இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் துருவினார். வாடிக்கையாளர் இருவரைத் திருப்பி அனுப்பினார். கடைசியில், "ஒவ்வொரு கம்ப்யூட்டரும் செஞ்ச தேதியையும் நேரத்தையும் உள்ள எழுதியிருக்குதும்மா. அத நிறுத்திட்டு மறுபடி செய்யணும்" என்றார்.

மறுநாள் மறுபடி செய்தோம். நான் ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்தேன். அவர் தன் சீட்டில் விரல் வைத்துத் தொடர்ந்தார். அறுபத்துநான்கும் பொருந்தின.

அவர் தன் போனிலிருந்து அந்தக் கோப்பை வாட்சுக்கு ஏற்றினார். வாட்ச் அணைந்து, எழுந்து, மணியையும் துடிப்பையும் மட்டும் காட்டியது. "உள்ள ஒரு கேள்வி கேட்கும்மா, இத ஏத்துக்கறீங்களான்னு. ரெண்டு நாள் பாருங்க. சரின்னு தோணினா நீங்களே ஓகே அழுத்துங்க. உங்க வாட்ச், நான் அழுத்தக் கூடாது. மறந்துடாதீங்க" என்றார்.

நான் மறக்கவில்லை. வேண்டுமென்றே அழுத்தவில்லை. ஒரு வாரமாவது கண்காணிக்காமல் எதற்கு நான் ஒப்புதல் தர வேண்டும்?

ஐந்தாம் நாள் சார்ஜ் தீர்ந்து வாட்ச் அணைந்தது. சார்ஜ் போட்டு, அதன் முகப்பைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். டிகிரி பார்க்கக் குனிந்தவள், எழும்போது கையை வரப்பில் சற்று வேகமாக ஊன்றினேன். அவ்வளவுதான். போன் அலறியது.

"அம்மா! விழுந்துட்டியா?"

"யாருடா சொன்னது?"

"வாட்ச் சொல்லுச்சு. போதும்மா. சனிக்கிழம வண்டி அனுப்பறேன். பெட்டிய கட்டு."

நேராக மல்லிகாவின் கடைக்குப் போனேன். அங்கே ஜி.பி.எஸ். கருவியோடு மீனவர் இருவர் காத்திருந்தனர். அவர்கள் முன்னாலேயே தொடங்கினேன்.

"என் கண்ணு முன்னாடி ஒண்ணக் காட்டிட்டு இன்னொண்ண ஏத்திட்டியா? என் பையன் உனக்கு என்ன குடுத்தான்? நீ மட்டும் ஏன் ஒரு வாட்ச் கட்டிக்கல? நீ சமைக்கறத நீயே சாப்பிட மாட்டியா?"

"புயலு கூட சொல்லிட்டுத்தாம்பா வரும்" என்று ஒருவர் மற்றவரிடம் முணுமுணுத்தார்.

மல்லிகா முழுக்கை ரவிக்கையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்குக் கட்டக் கூடாதும்மா" என்றார். வேறு விளக்கம் தரவில்லை. டயாலிசிஸுக்காக நரம்பைத் தயார்செய்த கையில் இறுக்கமாக எதையும் கட்டக் கூடாதாம்; ஒரு கையில் செய்தது கெட்டுப்போய் மறு கையிலும் செய்திருந்தார்களாம். குமார் சொல்லித்தான் இப்போது அறிகிறேன். அன்று அந்தப் பதிலை ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டேன்.

மல்லிகா என் கையைப் பிடித்து வாட்சைப் பார்த்தார். "பழசு வந்திருக்குது. அம்மா, ஓகே அழுத்தினீங்களா?"

"இல்ல. கவனிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் சிரித்தார், சத்தமாக, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு. "ஓகே அழுத்தலன்னா, புதுசுல ஏதோ கோளாறுன்னு நெனச்சு, அடுத்த தபா அணைஞ்சு எழும்போது அதுவே பழசுக்குத் திரும்பிடும்மா. மனுஷங்க மாட்டிக்கக் கூடாதுன்னு அப்டி எழுதியிருக்காங்க. இவ்ளோ சந்தேகப்படற ஆளு ஒருத்தங்க இருப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியல."

மீனவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுபடி ஏற்றினார். நான் ஓகே அழுத்தினேன். என் போனிலிருந்த கம்பெனியின் செயலியையும் நீக்கினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. இரண்டு மீனவர்கள் முன்னால் எப்படி என்று விழுங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்த வண்டியை ஒரு மூட்டை உப்போடு திருப்பி அனுப்பினேன். பிரபுவுக்கு ஆத்திரம். எப்படியோ கடையின் எண்ணைக் கண்டுபிடித்து, "எங்க அம்மா வாட்ச என்ன பண்ணீங்க?" என்று மல்லிகாவையே கேட்டிருக்கிறான். "அம்மா வாட்ச். அம்மாவக் கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். இதையும் குமார்தான் சொன்னார். மல்லிகா என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

குமாரின் தொலைபேசி வந்த மறுநாள் அவருடைய இறுதிச் சடங்கு நடந்தது. பிரபு காரில் வந்து இறங்கினான். துக்கத்துக்குத்தான் வந்தான் என்று சொன்னான். பின் இருக்கையில் ஒரு காலிப் பெட்டி இருந்ததைப் பார்த்தேன். இனி வாட்சைப் பார்க்க ஆள் இல்லை என்று கணக்குப் போட்டிருப்பான்.

எக்கியார்குப்பத்துக்கு அவனையும் அழைத்துப்போனேன். மல்லிகாவின் தாயார் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "உங்களப் பத்தி எப்பவும் சொல்லும்மா. சிரிச்சுக்கினே சொல்லும்" என்றார். என்ன சொன்னார் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

உடலைத் தூக்கினார்கள். பறையொலி மணல்மேட்டைத் தாண்டிச் சென்றது. பெண்கள் நின்ற இடத்தில் நானும் நின்றேன். நெஞ்சு தாறுமாறாக அடித்தது. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். நூற்று முப்பத்திரண்டு.

ஒரு கணம் யோசித்தேன். பிறகு என்னருகே வந்து நின்ற மகனிடம் கையை நீட்டினேன்.

"பாரு."

அவன் எண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் வெளுத்தது. ஆனால் பெங்களூர் என்று வாயைத் திறக்கவில்லை. "உக்காரும்மா" என்றான். மணலில் கிடந்த ஃபைபர் படகின் விளிம்பில் உட்கார்ந்தேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் இங்கதான் இருப்பேன். தெனமும் சாயங்காலம் நானே போன் பண்ணி நம்பரச் சொல்றேன். கூடினாலும் சொல்வேன், கொறஞ்சாலும் சொல்வேன். டாக்டர்கிட்டயும் போறேன்."

"உண்மையத்தான் சொல்வியா?"

"சந்தேகமா இருக்குதா?"

"ரொம்ப" என்றான். மறுபடி ஒருமுறை எண்ணைப் பார்த்துவிட்டு, "சரி, சொல்லு" என்றான்.

மல்லிகா, அன்று கடையில் விழுங்கிய வார்த்தையை இத்தனை பேர் படிக்கும் இடத்தில் சொல்கிறேன்: என்னை மன்னித்துவிடுங்கள். என் வீட்டில் நான் இருக்க வழிசெய்தீர்கள். உங்கள் வேதனையில் எனக்கு ஒரு பங்குகூடத் தரவில்லை. பறையொலி அடங்கும்வரை நானும் என் மகனும் அந்தப் படகிலேயே உட்கார்ந்திருந்தோம். சவுக்குத் தோப்புக்கு அப்பால் ஆட்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். கடைசியாகக் குமாரின் வெள்ளைத் துண்டு தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், அம்மா.