வேர் பிடித்த புல்

தி.நகரில் கடை கட்டத் தோண்டிய பள்ளத்திலிருந்து களிமண் வாசம் வந்ததும், மாம்பலத்துச் செங்கல் சூளையிலிருந்து சைதாப்பேட்டைச் சூளைக்கு அத்தாவோடு நடந்த வரப்பு நினைவுக்கு வந்தது. இரண்டுமே மூடிப்போன சூளைகள். வழியெல்லாம் மண் வெட்டிய பள்ளங்கள். வெட்டிய ஆழத்தை அளந்து கூலி கொடுக்க, நடுவில் வெட்டாமல் விட்ட மண் திட்டுகள். ஆழத்தைக் கூட்டிக் காட்ட, மண் வெட்டுகிறவர்கள் திட்டின்மேல் மண்ணை அப்பிப் புல்லை நட்டுவிடுவார்கள் என்று மேஸ்திரியாக இருந்த அத்தாவுக்குத் தீராத சந்தேகம். பள்ளம் பள்ளமாக இறங்கி, புல்லை இழுத்துப் பார்ப்பார்.

“சூளைதான் மூடிட்டாங்களே அத்தா!”

“அதுக்கு? வேர் புடிச்சிகீதா, நட்டு வச்சதான்னு பாக்க வேணாமா?”

அத்தாவை அடக்கிய இடத்தில் புல் தழைத்திருப்பதாகப் பிற்பாடு தம்பி சொன்னான். நம்பாமல் போய் இழுத்துப் பார்த்தேன். வேர் பிடித்திருந்தது.